கேட்கப்படாத ஒரு கேள்வி

(பெரும்போகம் தொடங்குவதற்கு முன்னர், கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில், இளைப்பாறிய வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை இங்கு முழுமையாகத் தரப்படுகிறது.)



அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் காய்ச்சலுடன் வருவோரைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வைத்தியன் ஒருவன் மேடை ஏறினால் என்ன பேசுவான் என்பது உங்களுக்குத் தெரியும். நோய்களின் பெயர்களை அடுக்குவான். கை கழுவுங்கள், கொதித்தாறிய நீரைப் பருகுங்கள் என்பான். பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு இறங்கிவிடுவான். நானும் பலமுறை அப்படிப் பேசி இறங்கியவனே. இன்று எனக்கு அதற்கு மனமில்லை. நான் செய்த பிழையொன்றைச் சொல்லவே இங்கு வந்தேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களுடைய பிழைகளைப்பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. வயல் சூழ்ந்த பட்டினமொன்றின் அரசினர் வைத்தியசாலையில் இரவுக் கடமையில் இருந்தேன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். பிழை கட்டடத்தினுடையதன்று, என்னுடையது. மார்கழி மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஊரெங்கும் டெங்குக் காய்ச்சல். வாங்குகளில் இடமில்லாமையால் நோயாளர் பலர் நிலத்திற் பாய் விரித்துப் படுத்திருந்தனர். நள்ளிரவு கடந்தபின், நாற்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாட் காய்ச்சல் என்றார். தலையிடி என்றார். உடம்பெல்லாம் முறிக்கிறது, கால்கள் இரண்டும் உளைகின்றன என்றார்.

வெப்பமானியை வைத்துப் பார்த்தோம், 99 பாகை. அவர் வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு பனடோல் விழுங்கியிருந்தார் என்பதை நான் கேட்டறியவில்லை. கண்கள் சிவந்திருந்தன. நித்திரையில்லாமையால் என்று எண்ணினேன். என் கண்களுந்தான் அன்று சிவந்திருந்தன. அயல்வீட்டில் யாருக்கேனும் டெங்கு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் மனைவி. அவ்வளவுதான்; என் மனம் முடிவு செய்துவிட்டது. குருதிப் பரிசோதனைத் துண்டு வந்தது. டெங்குக்காலத்தில் வைத்தியனுடைய கண் நேரே எங்கே செல்லும்? குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கைக்கே செல்லும். அது சற்றுக் குறைந்திருந்தது. டெங்கு என்றே எழுதினேன். நிறைய நீராகாரம் அருந்துங்கள், பனடோல் எடுங்கள், இரண்டு நாளில் மீண்டும் குருதி பார்க்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதே துண்டில், அதற்கு இரண்டு வரி மேலே, வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை இருந்தது. அது மிகவும் உயர்ந்திருந்தது. டெங்குவில் அது பெரும்பாலும் குறையும். உயர்ந்தால் வேறேதோ உள்ளது என்பது மாணவனும் அறிந்த பாடம். நான் அந்த வரியைப் படிக்கவில்லை. படித்தேன், காணவில்லை என்று சொல்வதே சரி.

மூன்றாம் நாள் அவரை மீண்டும் கொண்டுவந்தனர். கண்கள் மஞ்சள் நிறமாயிருந்தன. முதல் நாட் காலையிலிருந்து சிறுநீர் கழியவில்லை. இருமியபோது துணியில் இரத்தம் படிந்தது. பெரிய வைத்தியசாலைக்கு அம்புலன்சில் ஏற்றி அனுப்பினோம். வழியிலேயே உயிர் பிரிந்தது.

சில நாள் கழித்து அவருடைய மனைவி பத்திரமொன்றிற் கையொப்பம் பெற வந்தார். என்னை ஏசவில்லை. "அவர் ரெண்டு கிழமையா வெள்ளத்துக்குள்ள நிண்டு வரம்பு கட்டினவர், ஐயா. காலில மண்வெட்டி வெட்டின காயமும் இருந்தது. நீங்கள் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார். நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது இன்று நினைவில்லை. ஏதும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்பர்களே! "உமது தொழில் என்ன? அண்மையில் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீரா?" இவற்றைக் கேட்க எத்தனை விநாடி வேண்டும்? கருவி வேண்டுமா? கொழும்பிலிருந்து நிபுணர் வரவேண்டுமா? டெங்கு அயல்வீட்டில் உண்டா என்று கேட்ட அதே வாய்க்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த மனிதர் எலிக்காய்ச்சலால் இறந்தார்.

எலிக்காய்ச்சலை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆயினும் அது எவ்வாறு மறைந்து வருகிறது என்பதைச் சொல்லவேண்டும். எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு அந்தக் கிருமி நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. காலிலுள்ள சிறு வெடிப்பு, கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உட்புகுகிறது. பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு கிழமைக்குள் திடீரெனக் காய்ச்சல் எழும். தலையிடி, கெண்டைக்காலில் அழுத்தினால் தாங்கமுடியாத நோவு, பீளையின்றிச் சிவந்த கண்கள். இவையே அதன் கையெழுத்து. மஞ்சட்காமாலை பிற்பட்டே வருகிறது. ஜேர்மனிய வைத்தியர் அடோல்ப் வைல் 1886இல் இந்நோயை விவரித்தபோது காமாலையோடுகூடிய கடும் வடிவத்தையே விவரித்தார். அதைப் படித்துப் படித்து, மஞ்சள் இல்லையேல் எலிக்காய்ச்சல் இல்லை என்றெண்ணும் பழக்கம் எங்களிற் பலருக்கு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் தோன்றும்வரை காத்திருப்பவன், வீடு எரிந்து முடிந்தபின் புகையைத் தேடுபவனுக்கு ஒப்பானவன்.

இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. இந்நோயை உறுதிசெய்யும் குருதிப் பரிசோதனை பெரும்பாலும் உடலில் எதிர்ப்பொருள் தோன்றியதா என்பதையே பார்க்கிறது. அது தோன்ற ஒரு கிழமையளவு செல்லும். ஆகவே முதல் மூன்று நாளில் "இல்லை" என்று வரும் பரிசோதனை, நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பரிசோதனைக்குக் காத்திராமல், நோயாளியின் தொழிலையும் உடலையும் பார்த்தே மருந்தைத் தொடங்கவேண்டும். மருந்தோ பென்சிலின், டொக்சிசைக்கிளின் போன்ற பழைய, மலிவான மருந்துகள்! அலமாரியில் மருந்து இருந்தது. என் நெஞ்சில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகினர். ஏறக்குறைய இருநூறு பேர் மாண்டனர். அது பெரும்பாலும் தெற்கினதும் மத்தியினதும் நோய் என்று வடக்கில் நாம் எண்ணியிருந்தோம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலோடு வந்த பெருமழை வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. அடுத்த மாதமே யாழ்ப்பாணக் குடாநாட்டில், சிறப்பாகக் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கங்களில், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கினர். "மர்மக் காய்ச்சல்" என்றே முதலிற் பேசினோம். குருதி மாதிரிகள் கொழும்புக்குச் சென்றன. எலிக்காய்ச்சல் என்று விடை வந்தது. மாத நடுப்பகுதிக்குள் ஏழு மரணங்கள் அறிவிக்கப்பட்டன. தொற்றுநோயியல் பிரிவினர் வந்தனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடுவீடாகச் சென்று மருந்து கொடுத்தனர். அந்த வேலை போற்றத்தக்கது. ஆயினும், வெள்ளம் வடிந்த மண்ணில் வெள்ளத்தால் வரும் காய்ச்சலுக்கு "மர்மம்" என்று பெயரிட்டோமே, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மணியின் முகமே நினைவுக்கு வருகிறது.

இனி, வைத்தியர் ஏன் இவ்வாறு தவறுகிறார் என்பதைச் சொல்கிறேன். அவர் மூடராகையால் அன்று. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். அத்தகைய பருவத்தில் இரவெல்லாம் காய்ச்சற்காரரைப் பார்ப்பவருக்கு, வருகிற ஒவ்வொருவரும் டெங்கு நோயாளராகவே தோன்றுவர். பத்துப் பேரில் ஒன்பது பேர் விடயத்தில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அந்த ஒன்பதுதான் பத்தாமவரைக் கொல்கிறது. மனம் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டால், அதற்கு ஏற்பானவற்றையே கண் தேடிச் செல்கிறது; ஏலாதவற்றை ஒதுக்கிவிடுகிறது. சிறுதட்டைக் கண்ட என் கண் வெண்கலத்தைக் காணாமற் போனது இவ்வாறே.

இது ஏழை நாட்டுக் குறை என்று இங்குள்ள உத்தியோகத்தர்கள் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் டலஸ் நகரில் 2014 செப்டெம்பர் 25ஆம் நாள் இரவு, தோமஸ் எரிக் டங்கன் என்பவர் காய்ச்சலுடன் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். ஐந்து நாளுக்கு முன்னரே அவர் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவிலிருந்து வந்திறங்கியிருந்தார். அந்நாளில் அங்கே எபோலா நோய் ஆயிரக்கணக்கானோரைக் காவுகொண்டிருந்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அதையே எழுதின. தாதி கேட்டார், ஆபிரிக்காவிலிருந்து வந்தேன் என்று அவர் சொன்னார், தாதி அதைக் கணினியிற் பதிந்தார். கேள்வி கேட்கப்பட்டது, விடை கிடைத்தது, எழுதியும் வைக்கப்பட்டது. எனினும் அது வைத்தியரின் தீர்மானத்துக்குள் புகவில்லை. அங்கிருந்த வேளையில் காய்ச்சல் 103 பாகைக்கு ஏறியும், மூக்கை அடுத்த எலும்பறைகளின் அழற்சி என்று கருதி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினர். 28ஆம் நாள் அம்புலன்சில் மீண்டார். 30ஆம் நாள் எபோலா உறுதியாயிற்று. ஒக்டோபர் 8ஆம் நாள் இறந்தார். அவரைப் பராமரித்த தாதியர் இருவருக்கும் நோய் தொற்றியது, அவர்கள் பிழைத்தனர். எத்தனை கோடி டொலர் பெறுமதியான கணினி! ஒரு தாதி வாய்திறந்து, "டொக்டர், இவர் லைபீரியாவிலிருந்து வந்தவர்" என்று சொல்லியிருந்தால் போதும்.

அதற்கு இரண்டாண்டுக்கு முன், 2012இல், நியூயோர்க்கில் ரோரி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாடசாலையில் விளையாடும்போது விழுந்து கையிற் சிராய்ப்புக் காயமுற்றான். மறுநாள் கடுங்காய்ச்சல், வாந்தி, கால் நோவு. வயிற்றுக் கோளாறு என்று அவசரப் பிரிவில் நீரேற்றி, வாந்திக்கு மருந்து கொடுத்து அனுப்பினர். அவன் சென்ற பின்னர் குருதிப் பரிசோதனையின் விடை வந்தது. கடுமையான தொற்று என்று அது கூவியது. கூவியதைக் கேட்க அங்கே யாருமில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும் யாருமில்லை. ஏப்பிரில் முதலாம் நாள் சிறுவன் மாண்டான். சிராய்ப்பின் வழியே புகுந்த கிருமி குருதியெங்கும் பரவியிருந்தது. அவன் பெற்றோர் அழுதுவிட்டு அடங்கிவிடவில்லை. மறு ஆண்டில் நியூயோர்க் மாநிலம் விதியொன்றை ஆக்கியது. குருதியிற் பரவிய தொற்றை விரைவில் இனங்காணவும் மருந்து கொடுக்கவும் ஒவ்வொரு வைத்தியசாலையும் எழுதிய நடைமுறை வைத்திருக்கவேண்டும் என்றது. "ரோரியின் விதிகள்" என்றே அதற்குப் பெயர். அதன்பின் அம்மாநிலத்தின் 149 வைத்தியசாலைகளில் 49,000க்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். சிகிச்சை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பிந்தப் பிந்த மரணம் கூடியது என்பதே அதன் முடிவு.

நேரத்தின் விலையை இன்னும் கூர்மையாகக் காட்டுவது 2006இல் வெளியான கனடிய ஆய்வொன்று. தொற்றினாற் குருதியமுக்கம் வீழ்ந்தவர்களுள், வீழ்ந்த முதல் மணித்தியாலத்திலேயே பொருத்தமான மருந்து பெற்றோரில் நூற்றுக்கு எண்பது பேரளவில் பிழைத்தனர். முதல் ஆறு மணித்தியாலங்களில், பிந்திய ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைப்போர் தொகை சராசரி 7.6 வீதம் குறைந்தது. அப்படியானால், என் கமக்காரர் இழந்த இரண்டரை நாளின் விலை என்ன? நான் அந்தக் கணக்கைச் செய்து பார்க்கவில்லை.

இவற்றைக் கேட்டதும், காய்ச்சல் என்று வருவோர் எல்லாருக்கும் உடனே கிருமிகொல்லி மருந்தை ஏற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். டெங்குவுக்கு அம்மருந்து பயன்படாது. வைரசுக் காய்ச்சல் எதற்கும் பயன்படாது. எல்லாருக்கும் வாரிக் கொடுத்தால், நாளை கிருமிகள் எந்த மருந்துக்கும் அடங்கா. ஆகவேதான் 2021இல் திருத்திய சர்வதேச வழிகாட்டல், குருதியமுக்கம் வீழ்ந்தவருக்கும் தொற்று ஏறக்குறைய நிச்சயமானவருக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து என்றும், ஐயத்துக்குரிய மற்றவர்களை விரைந்து ஆராய்ந்து, ஐயம் நீங்காவிடின் மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து என்றும் வகுத்தது. இடையிலுள்ள அந்த மூன்று மணித்தியாலம் மறுபடி பார்ப்பதற்கு உரியது. வாங்கில் அமர்த்திவிட்டு மறந்துபோவதற்கு உரியதன்று.

என்ன பார்ப்பது? கருவி எதுவும் இல்லாத கிராமத்திலும் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணவேண்டும். வளர்ந்தவர் ஒருவர் அமைதியாக இருக்கையில் 22 அல்லது அதற்கு மேல் என்றால் அது நல்ல அறிகுறியன்று. வைத்தியசாலைப் பதிவேடுகளில் மிகவும் அசட்டையாக நிரப்பப்படும் கட்டம் இதுதான். எண்ணாமலேயே எல்லாருக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்த துண்டுகளை நான் கட்டுக்கட்டாகக் கண்டிருக்கிறேன். சிலவற்றில் என் கையொப்பமும் உண்டு. இரண்டாவது, அறிவு தடுமாறுதல். முதியோருக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் ஏறாதிருக்கலாம். நேற்றுவரை கணக்கு வழக்குப் பார்த்த அப்பு, இன்று காலை பிள்ளைகளை இனங்காணாமற் பிதற்றினால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று மூலையிற் படுக்கவைக்காதீர்கள். அறளை ஒரே இரவில் வருவதில்லை. ஒரே இரவில் வருவது பெரும்பாலும் நோய். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

எலிக்காய்ச்சலோடு முடிந்துவிடவில்லை. உங்கள் வயல் மண்ணுக்குள்ளேயே வாழும் இன்னொரு கிருமி உண்டு. அது தரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். 1911இல் இரங்கூன் நகரில், பிணங்களை அறுத்துப் பார்க்கையில் அல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கிலேயரும் கிருஷ்ணசுவாமி என்னும் அவருடைய துணைவரும் இதனைக் கண்டனர். ஆங்கிலேயருடைய பெயர் நோய்க்கு நிலைத்தது. "விட்மோர் நோய்" என்று நூல்கள் கூறும். கிருஷ்ணசுவாமியை யார் நினைக்கிறார்? அது கிடக்கட்டும். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி விவரிக்கப்பட்டார். அதன்பின் பல்லாண்டுகள் இது இங்கு இல்லாத நோய்போலவே மறக்கப்பட்டிருந்தது. 2006க்குப் பின் கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொறெயாவும் அவரோடு உழைத்தோரும் தேடத் தொடங்கியபின், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளர் வெளிப்பட்டனர். நோய் புதிதாக வரவில்லை. தேடுபவர் புதிதாக வந்தார்.

சலரோகம் உள்ள கமக்காரர்களே, இதைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். இந்நோய்க்கு மிகவும் விருப்பமானவர்கள் நீங்கள். சேற்றிலிருந்து காயத்தின் வழியேயும், பெருமழைக் காற்றில் மூச்சின் வழியேயும் புகும். நியூமோனியாபோல வரும், காசநோய்போல நீடிக்கும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்கட்டும். வழக்கமான ஊசிகள் பல இதற்குப் பயன்படா; செப்டாசிடைம், மெரோபெனெம் என்பவற்றுள் ஒன்றைக் குறைந்தது பத்து நாளாவது நாளத்தில் ஏற்றி, அதன்பின் மூன்று மாதமளவில் மாத்திரை விழுங்கவேண்டும். இங்கேயும் கிருமி மறைந்து விளையாடுகிறது. குருதியை வளர்த்துப் பார்க்கும்போது அது வளரும். ஆனால் அழுக்குக் கிருமி கலந்துவிட்டது என்று எறிந்துவிடுவதும், வேறு இனம் என்று பெயர் எழுதிவிடுவதும் நடக்கின்றன. "இவர் நெல் விளைவிப்பவர், சலரோகக்காரர்" என்று ஆய்வுகூடத்துக்குச் செல்லும் துண்டில் எழுதப்பட்டால், அங்கிருப்பவர் இரண்டாம் முறை பார்ப்பார். மீண்டும் அதே கேள்விக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

உண்ணிக்காய்ச்சலைப்பற்றி ஒரு வார்த்தை. பற்றைக்குள் விறகு வெட்டச் செல்வோருக்கு வரும் அக்காய்ச்சல் குடாநாட்டுக்குப் புதியதன்று. கடித்த இடத்தில் நெருப்புச் சுட்டதுபோற் கருமையான பொருக்கு ஒன்று இருக்கும், நோவு இராது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்க்காத வைத்தியர் அதைக் காணமாட்டார்; வெட்கப்பட்டு மறைக்கும் நோயாளியும் காட்டமாட்டார். காட்டுங்கள்.

மொழியைப்பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 1987ஆம் ஆண்டின் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் நள்ளிரவில் அவசரப் பிரிவின் மேசையில் இருப்பவருக்கு நோயாளியின் மொழி தெரியாவிட்டால், சட்டம் வந்து மொழிபெயர்ப்பதில்லை. "கெண்டைக்கால் உளையுது" என்பது சிற்றூழியர் ஒருவர் வாயிலாகச் சென்று "கால் வலி" என்றாகி, துண்டில் ஏறும்போது "உடம்பு வலி" என்றாகிவிடும். கெண்டைக்கால் போனதோடு எலிக்காய்ச்சலும் போய்விட்டது! தமிழ் தெரியாத இளம் வைத்தியர் பலர் வடக்கில் அரும்பாடுபட்டுப் பணியாற்றினர். அவர்களை நான் குறைகூறவில்லை. நான் பணிபுரிந்த இடங்களில் இரவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கண்டதில்லை என்பதையே சொல்கிறேன். இந்தச் சபையிலுள்ள நிருவாக உத்தியோகத்தர்கள் இதை ஒரு கருணை விடயமாகக் கொள்ளாமல், குருதிப் பரிசோதனையைப்போல ஒரு மருத்துவத் தேவையாகக் கொள்வார்களாக.

உத்தியோகத்தரைப்பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கூறிவிடுகிறேன். கமக்காரர் பிந்தி வந்து சாகிறார். நீங்கள் முந்தி வந்து குழம்புகிறீர்கள். திங்கட்கிழமை ஒரு தனியார் கிளினிக், செவ்வாய்க்கிழமை வேறொரு டொக்டர், இடையில் பார்மசியில் நீங்களாகவே வாங்கிய கிருமிகொல்லி இரண்டு குளிகை. அந்த இரண்டு குளிகை நோயைக் குணப்படுத்தாது. ஆனால் குருதியில் வளரவேண்டிய கிருமியை வளரவிடாமற் செய்து, எங்கள் கண்ணைக் கட்டிவிடும். நோவு தணிக்கும் டைக்குளோபினாக் போன்றவற்றைக் காய்ச்சலுக்கு விழுங்குவது அதனினும் கேடு. டெங்குவில் இரத்தப்பெருக்கை உண்டாக்கும், எலிக்காய்ச்சலிற் சிறுநீரகத்தைக் கெடுக்கும். விழுங்கிவிட்டீர்களா? வெறும் உறையையாவது கொண்டுவாருங்கள். எதையும் ஒளிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக் கடன் இதனினும் பெரியது. என் கமக்காரர் இறந்தபின் அந்த வைத்தியசாலையில் அதைப்பற்றி ஒரு கூட்டம் நடக்கவில்லை. எவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் விசாரணை, விசாரணை என்றால் தண்டனை என்னும் அச்சம். அதனால் என் பிழை எனக்கு மாத்திரம் பாடமாயிற்று. அடுத்த மாரியில் அதே மேசைக்கு வந்த இளம் வைத்தியர் அப்பாடத்தைத் தாமாகவே, இன்னொரு குடும்பத்தின் செலவிற் கற்கவேண்டியிருந்தது. இதுவே என் நெஞ்சை இன்றும் அறுக்கிறது. கேட்க மறந்தது ஓர் இரவின் பிழை. மறைத்தது பல ஆண்டுகளின் பிழை. பிற்காலத்தில் நான் பொறுப்பேற்ற இடத்தில் இரண்டு காரியம் செய்தேன். காய்ச்சல் நோயாளியின் துண்டில் "தொழில், வயல், வெள்ளம்" என்று மூன்று சொற்களை ரப்பர் முத்திரையாகக் குத்தச் செய்தேன். வீட்டுக்கு அனுப்பப்படுவோரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிவைத்து, பிந்திவரும் பரிசோதனை விடைகளைக் காலையில் ஒரு தாதி பார்த்து, வேண்டியவர்களை அழைக்கச் செய்தேன். முத்திரைக்கான செலவு ஒரு நேரத் தேநீர்ச் செலவுக்கு மேற்படவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது, வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்வதே. "ஐயா, நான் கமக்காரன். இத்தனை நாளாகச் சேற்றில் நின்றேன். காலிற் காயம் உண்டு. வரும் வழியில் இந்த மாத்திரை விழுங்கினேன்." இதைச் சொல்லுங்கள். அவர் அவசரத்தில் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள். அனுப்பிவிட்டால், "எவை கண்டால் மீண்டும் வரவேண்டும்?" என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள். சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், கண் மஞ்சளித்தால், எழுந்து நிற்க முடியாவிட்டால், குறித்த நாள்வரை காத்திராதீர்கள். முன்பு பார்த்தவர் கோபிப்பார் என்று அஞ்சாதீர்கள்.

இறுதியாக, தடுப்பு மருந்து. 1984இல் வெளியான ஆய்வொன்றில், பனாமாக் காடுகளிற் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரில், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் விழுங்கியவர்களுள் ஒருவருக்கே எலிக்காய்ச்சல் வந்தது. வெறும் மாத்திரை விழுங்கியவர்களுள் இருபது பேருக்கு வந்தது. வயலில் மாதக்கணக்காக நிற்பவருக்கு அது அவ்வளவு உறுதியான கவசம் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தை விழுங்கியவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்கு வரவேண்டும், விழுங்கியதையும் சொல்லவேண்டும்.

மண்டபத்தின் வாயிலில், இடப்பக்க மேசையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏட்டை விரித்து வைத்துக் காத்திருக்கிறார். வருகிற கிழமை வயலில் இறங்கவிருப்போர் பெயரைப் பதிந்து, மருந்தைப் பெற்றுக்கொண்டு செல்லுங்கள். வெறுவயிற்றில் விழுங்கவேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை அவரிடம் முதலிற் சொல்லுங்கள். காலிற் காயம் உள்ளவர்கள் வரிசையில் நிற்கவேண்டாம்; நேரே என்னிடம் வாருங்கள், பார்க்கிறேன்.